பிள்ளைக்குப் போதைப் பழக்கமோ என்ற சந்தேகமா? பெற்றோர் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

என் அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, அவன் ஜாமெட்ரி பாக்ஸில் நோட்டு அட்டையைக் கிழித்துச் சுருட்டிய நாலைந்து சுருள்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுதான். குப்பை என்று நினைத்து அக்கா ஜன்னல் வழியே போட்டுவிட்டாள். ஒரு மாதம் கழித்து அவன் சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலமே கிடைத்தது. மச்சான் அன்றிரவே பெல்ட்டை எடுத்துவிட்டார். பையன் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. வந்த பிறகும் ஐந்து மாதம் எங்களிடம் ஒரு வார்த்தை உண்மை பேசவில்லை.

அந்த ஐந்து மாதம் வீணானதற்குக் காரணம், செய்ய வேண்டியதை நாங்கள் வரிசை மாற்றிச் செய்ததுதான். நான் பள்ளியில் வேலை பார்ப்பதால் அதன் பிறகு நிறைய பெற்றோர் என்னிடம் வந்து பேசுகிறார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் அதே வரிசையில்தான் போகிறார்கள்: அடி முதலில், கேள்வி அப்புறம், மருத்துவர் கடைசியில். அதைத் தலைகீழாகத் திருப்பி இங்கே எழுதுகிறேன். ஈரோட்டுப் பக்கம் நான் பார்த்ததை வைத்து எழுதினாலும், எண்களும் சட்டமும் தமிழ்நாடு முழுக்கப் பொருந்தும்.

1. அவசரத்துக்கு என்ன செய்வது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இதைக் கடைசியில் வைத்தால் யாரும் படிப்பதில்லை. நடக்கும் அன்று தேட நேரம் இருக்காது.

பிள்ளை கூப்பிட்டால் எழவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது, குறட்டை வழக்கத்துக்கு மாறாகக் கரகரக்கிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே 108. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்க அதுதான் வழி. உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்றாதீர்கள். அரை மயக்கத்தில் ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். "தூங்கி எழுந்தா சரியாயிரும்" என்று தனியாக விட்டுவிடவும் கூடாது.

பக்கத்தில் கிடக்கும் மாத்திரை அட்டை, பாட்டில், டியூப் எதுவானாலும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவரிடம் மானத்துக்குப் பயந்து மறைக்காதீர்கள். போதை தரும் வலி மாத்திரை வகைக்கு அதன் வேகத்தை முறிக்கும் மருந்து உண்டு. என்ன போட்டான் என்று தெரிந்தால்தான் அதைக் கொடுக்க முடியும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனோ பெயின்ட் தின்னரோ முகர்ந்த நிலையில் இருக்கும் பிள்ளையைத் துரத்தாதீர்கள், அடிக்காதீர்கள், திடீரென்று கத்தி மிரட்டாதீர்கள். அந்த ஆவி இதயத் துடிப்பின் சீரைக் குலைத்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் ஏற்படும் அதிர்ச்சியிலும் ஓட்டத்திலும் இதயம் நின்றே போகலாம். ஜன்னலைத் திறந்து, முகரும் துணியை மெதுவாக வாங்கி, பக்கத்தில் உட்காருங்கள். பேச்செல்லாம் மறுநாள்.

2. பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் வீட்டைச் சரிசெய்யுங்கள்

அப்பாவும் அம்மாவும் தனியாக உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஒருவர் அடிக்க, ஒருவர் மறைத்துப் பணம் கொடுக்க என்று இருக்கும் வீட்டில் எந்தச் சிகிச்சையும் நிற்காது. பாட்டி தாத்தா உடன் இருந்தால் அவர்களிடமும் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள்: யாரும் கையில் காசு கொடுப்பதில்லை, தேவையானதை வாங்கிக் கொடுப்போம்.

அப்பா வீட்டில் குடிப்பவராக இருந்தால் அது இந்த வாரமே நிற்க வேண்டும். பிரிட்ஜில் பாட்டிலை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் பேச முடியாது; அவன் முதலில் கேட்பதே அதைத்தான். மச்சான் நிறுத்தினார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பையன் கண்ணால் பார்த்தான். நாங்கள் சொன்ன அறிவுரை எதையும்விட அது அவனிடம் வேலை செய்தது. (தினமும் அதிகமாகக் குடிப்பவர் மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம்.)

பாட்டியின் தூக்க மாத்திரை, தாத்தாவின் வலி மாத்திரை எல்லாம் எண்ணி, பூட்டி வையுங்கள். பல பிள்ளைகளுக்கு முதல் மாத்திரை வீட்டு அலமாரியிலிருந்துதான் கிடைக்கிறது.

பிறகு இந்த எண்களை இரண்டு பேர் போனிலும் பதிந்துகொள்ளுங்கள். 14446 தேசியப் போதை மீட்பு உதவி எண். 14416 மனநல உதவிக்கான டெலி மானஸ். 1098 குழந்தைகள் உதவி எண். மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. பெயர் சொல்லாமலும் பேசலாம்.

3. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடுங்கள்

"கண்ணு சிவந்திருக்குதான்னு பாருங்க" என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சிவந்த கண்ணுக்கு இரவு முழுக்கப் போன் பார்த்ததும் காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு பொருளும் விட்டுச்செல்லும் தடயம் வேறு.

பள்ளிகளில் அதிகம் கண்ணில் படுவது உதட்டுக்குள் வைக்கும் புகையிலை. ஹான்ஸ், கூல் லிப் போன்றவை. கூல் லிப் சின்னத் தேயிலைப் பை மாதிரி இருக்கும். புகையும் இல்லை, துப்பவும் அவசியமில்லை என்பதால் வகுப்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள். புதினா வாடை, கீழுதட்டின் உள்பக்கம் வெளுத்துத் தடித்த இடம், குளியலறைச் சாக்கடை மூடியில் ஊறிப்போன சின்னப் பைகள். பல் தேய்க்கும்போது உதட்டை மடக்கிக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். பெண் பிள்ளைகளிடமும் இது இருக்கிறது. "நம்ம பொண்ணு அப்படியெல்லாம்" என்று தாண்டிப் போகாதீர்கள்.

கஞ்சாவுக்கு, நான் மேலே சொன்ன அட்டைச் சுருள்தான் முதல் அடையாளம். வடிகட்டிக்குப் பதிலாக அதை வைப்பார்கள். சுருட்டுவதற்கான மெல்லிய தாள், பைத் தையலில் சிக்கிய சிகரெட் தூள் (புகையிலையைக் கொட்டிவிட்டு அதற்குள் இதை நிரப்புவது உண்டு), புதிதாக முளைத்த கண் சொட்டு மருந்து பாட்டில், எப்போதும் இல்லாத அளவுக்கு ஊதுவத்தியும் பாடி ஸ்ப்ரேயும். வீட்டுக்கு வந்ததும் அகோரப் பசி. அப்புறம் பேச்சுக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி.

சொல்யூஷன், ஒயிட்னர், பெயின்ட் தின்னர் வகையைப் பெற்றோர் சட்டையே செய்வதில்லை. சைக்கிள் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருள் என்பதால் சந்தேகம் வருவதில்லை. மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த ஒரே வகை இந்த முகரும் பொருள்தான்: 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. மூக்கையும் வாயையும் சுற்றிப் பொரிப்பொரியாகப் புண், விறைத்துப்போன கைக்குட்டை, பைக்குள் பால் பாக்கெட் கவர், பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு வாடை ஆகியவற்றைக் கவனியுங்கள்.

மாத்திரைதான் இன்றைக்கு எனக்கு அதிகப் பயத்தைத் தருகிறது. கடுமையான வலிக்கும் நரம்புக் கோளாறுக்கும் தூக்கத்துக்கும் மருத்துவர் சீட்டில் தரும் மாத்திரைகள். சிலர் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியாகவே போடுகிறார்கள். மங்கிய வெளிச்சத்திலும் ஊசிமுனை மாதிரிச் சுருங்கிய கண்மணி, மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பது, உட்கார்ந்தபடி தலை சாய்வது, கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டை. மருந்து கிடைக்காத நாளில் சளிக்காய்ச்சல் மாதிரியே இருக்கும்: மூக்கு ஒழுகும், கொட்டாவி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு. மாதத்தில் நாலு முறை "காய்ச்சல்" வந்து ஒரே மணி நேரத்தில் சரியாகும் பிள்ளையைக் கவனியுங்கள்.

பணத் தடயத்தை மறக்காதீர்கள். உங்கள் போனில் யுபிஐ கணக்கைத் திறந்து, 50, 100, 150 என்று ஒரே பெயருக்கு மாலை வேளையில் போன தொகைகளைப் பாருங்கள்.

4. பத்து நாள் எழுதி வையுங்கள்

ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. தூக்கம் கெடுவது, மதிப்பெண் சரிவது, எரிந்து விழுவது எல்லாம் இந்த வயதில் காதல் தோல்விக்கும் வரும், பள்ளியில் யாராவது கொடுமைப்படுத்தினாலும் வரும், மனச்சோர்வுக்கும் வரும். தப்பாகக் குற்றம் சாட்டப்பட்ட பிள்ளை அடுத்த முறை உண்மையான பிரச்சினைக்கும் உங்களிடம் வராது.

அதனால் ஒரு சின்ன நோட்டில் பத்து நாள் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தான், சாப்பிட்டானா, எங்கே போனான், எப்போது வந்தான், கண், பேச்சு, பணம். நாளுக்கு இரண்டு வரி போதும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளே இவைதான். மிரண்டுபோன பெற்றோருக்கு அங்கே எதுவும் நினைவுக்கு வராது. அக்கா எழுதிய நோட்டில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது: டியூஷன் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நன்றாக இருந்தான்.

மயக்கமோ ஊசித் தழும்போ சாகப்போகிறேன் என்ற பேச்சோ இருந்தால் பத்து நாளெல்லாம் கிடையாது. அன்றே மருத்துவமனை.

ஆன்லைனில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட்டை வாங்கி, குளியலறை வாசலில் நின்று சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். எப்போதாவது கஞ்சா அடித்தவனுக்கு அது சில நாளில் மறைந்துவிடும். தினமும் அடித்தவன் நிறுத்தி ஒரு மாதம் ஆனாலும் காட்டலாம். சொல்யூஷன் சாதாரணக் கிட்டில் தெரியாது. இப்போது புழங்கும் சில மாத்திரைகளும் தெரியாது. "இல்லை" என்று வந்த முடிவை நம்பி மூன்று மாதம் தூங்கிய குடும்பத்தை எனக்குத் தெரியும். சோதனை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

5. யார் பேசுவது, எங்கே, எப்போது

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

அவன் போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். நீங்கள் கோபத்தில் இருக்கும்போதும் பேசாதீர்கள். ஹாலில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசுவதும் ஆகாது, அது பஞ்சாயத்து ஆகிவிடும். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடமாகப் பாருங்கள். நடந்துகொண்டே பேசலாம், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பேசலாம். முகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் வாய் கொஞ்சம் சுலபமாகத் திறக்கும்.

அப்பாவிடம் பேச்சு முறிந்துபோன வீட்டில் வேறு ஒரு பெரியவர் வேண்டும். எங்கள் வீட்டில் தாய்மாமன் என்ற முறையில் அது என் தலையில் விழுந்தது. காலிங்கராயன் வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். கால் மணி நேரம் இருவரும் பேசவில்லை.

"அது என்னுது இல்ல மாமா, ஃப்ரெண்டுது" என்றான்.

"யாருதுன்னு நான் கேக்கல சாமி. அது உனக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லு."

வெகுநேரம் கழித்து, "தூக்கம் வருது" என்றான்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கி அவன் சரியாகத் தூங்கியதே இல்லை. படுத்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். வீட்டில் சொன்னால் "போனை வை, தூக்கம் வரும்" என்பார்கள் என்று சொல்லவே இல்லை. டியூஷனில் ஒருவன் "இத அடி, தூங்கிருவ" என்று கொடுத்திருக்கிறான். பெல்ட்டை எடுத்த அன்று எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

அதனால் "ஏன்டா பண்ணினே" என்று கேட்காதீர்கள். அதற்கு அவனிடம் பதில் இருக்காது, பொய்தான் இருக்கும். "அது உனக்கு என்ன பண்ணுது, எப்போ எல்லாம் தோணுது, எது இல்லாம கஷ்டமா இருக்கு" என்று கேளுங்கள். இதில் கிடைக்கும் பதில்தான் சிகிச்சைக்கு விதை. யார் கொடுத்தது என்ற விசாரணையை அன்று தொடவே வேண்டாம். நண்பனைக் காட்டிக்கொடுக்கச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும்.

கற்பூரம் அடித்துச் சத்தியம், அம்மா தலையில் அடித்துச் சத்தியம், கோயிலில் கயிறு கட்டுவது. இவற்றைச் செய்யாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன். பழக்கம் பிடித்தவன் ஒரு முறையாவது வழுக்குவான். சத்தியம் வாங்கியிருந்தால், அன்றே அவன் சத்தியம் மீறியவனும் ஆகிவிடுகிறான். அந்தக் குற்ற உணர்ச்சியோடு உங்களிடம் வந்து சொல்ல மாட்டான், மறைப்பான். மாலை போட்டால் விட்டுவிடுவான் என்கிறார்கள். மண்டலம் முழுக்க விட்ட பிள்ளைகள் உண்டு. ஆனால் மாலையைக் கழற்றிய வாரம் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைப்பதில்லை. பக்தி துணையாக இருக்கட்டும், மருத்துவருக்குப் பதிலாக வேண்டாம்.

பேச்சின் முடிவில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஒரு தடவை டாக்டரைப் பாக்கலாம், நானும் கூட வரேன்."

6. மருத்துவரிடம் போவது

மனநல மருத்துவரிடம் போங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் கிடையாது. 2025-இல் தமிழக அரசு "கலங்கரை" என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. உங்கள் பக்கத்தில் எது என்று 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

உள்ளே போனதும் நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே வந்துவிடுங்கள். மருத்துவர் சொல்வதற்கு முன் நீங்களே எழுந்தால் இன்னும் நல்லது. அம்மா பக்கத்தில் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் முழுதாகச் சொல்லாது.

மாத்திரை, தூக்க மருந்து வகையை வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். தூக்க மருந்தைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரலாம். கஞ்சாவை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் முதல் வாரம் தூக்கம் வராது, சோறு இறங்காது, எதற்கெடுத்தாலும் எரிச்சல், கனவுகள். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். இது தெரியாமல், மூன்றாம் நாள் அவன் தட்டைத் தூக்கி எறிந்ததும் "திமிரு அடங்கல" என்று அடித்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கஞ்சாவை விட வைக்கும் மாத்திரை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆலோசனைதான் சிகிச்சை. கூடவே இருக்கும் பதற்றத்துக்கோ தூக்கத்துக்கோ மருந்து தருவார்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி விற்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. தொடாதீர்கள்.

7. மையத்தில் சேர்க்கச் சொன்னால்

எல்லாப் பிள்ளைக்கும் உள்நோயாளிச் சிகிச்சை வேண்டியதில்லை. வாராவாரம் போய் வந்தே பலர் மீள்கிறார்கள். சேர்க்கச் சொல்வது மருத்துவராக இருக்க வேண்டும், விளம்பரமாக இருக்கக் கூடாது.

இரவில் வண்டியோடு நாலு ஆட்கள் வந்து பையனைத் தூக்கிப் போவோம், மூன்று மாதம் யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்துக்குக் கொடுக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவரைச் சேர்க்க ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ கூடவே தங்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் தங்குபவர் பெண்ணாக இருக்க வேண்டும். "நீங்க தங்கக் கூடாதுங்க" என்று மையம் சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்கான இடம் தயங்காமல் காட்டும்.

ஊரில் சித்தப்பா வீட்டுக்கோ விடுதிக்கோ அனுப்பி வைப்பதும் இதே தப்புதான். பழக்கமும் அவனோடு பஸ் ஏறிப் போகும், அங்கே கவனிக்க ஆள்தான் இருக்காது.

8. பள்ளியும் போலீசும்

பள்ளியில் ஒரே ஒரு ஆசிரியரிடம், நீங்கள் நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள். டி.சி. கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதே. அதனால்தான் சிகிச்சை தொடங்கிய பிறகு, மருத்துவர் சீட்டோடு போங்கள் என்கிறேன். ஏற்கெனவே நடவடிக்கை எடுத்துவிட்ட குடும்பத்தைப் பள்ளி வேறு மாதிரி நடத்துகிறது.

சிகிச்சைக்குப் போனால் கேஸ் வருமோ என்று பயப்படாதீர்கள். பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ சிக்கியவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால், போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் விஷயம் சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும்.

பிள்ளைக்குக் கொடுத்தவர்கள் மேல் சட்டம் கடுமையானது. சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது. கடையைப் பற்றிப் புகார் சொல்ல 10581 இருக்கிறது. ஆனால் பிள்ளை ஓரளவு நிலைக்கு வந்த பிறகு செய்யுங்கள், அவன் பெயர் வெளியே வராமல் செய்யுங்கள்.

9. அடுத்த ஒரு வருடம்

பழக்கத்தை எடுத்த இடத்தில் வேறொன்றை வைக்காவிட்டால் அந்த இடம் காலியாகவே நிற்கும். மாலை 4 முதல் 7 வரைதான் ஆபத்தான நேரம். என் அக்கா மகனுக்கு டியூஷனை மாற்றினோம், மாலையில் வாலிபால் ஆடப் போனான். இரவுச் சாப்பாடு எல்லோரும் ஒன்றாக, போன் இல்லாமல். சாப்பிடும்போது படிப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று அக்கா ஒரு விதி போட்டாள். முதல் மாதம் வெறும் அமைதிதான். பிறகு அவனே பேச ஆரம்பித்தான்.

நாலாவது மாதம் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி அடித்துவிட்டான். இரவு 11 மணிக்கு எனக்குப் போன்: "மாமா, தப்பு பண்ணிட்டேன்." மச்சானிடம் அதற்குள் எல்லாம் பேசி வைத்திருந்தோம். போய்க் கூட்டி வந்தோம், சோறு போட்டோம், படுக்க வைத்தோம். மறுநாள் காலை, யார் இருந்தார்கள், அதற்கு முன் என்ன நடந்தது, அடுத்த முறை எப்போது போன் செய்யலாம் என்று மூன்றே கேள்வி. அந்த வாரமே மருத்துவரைப் பார்த்தோம். அப்படிப் போன் வரும் நாளுக்கு நீங்களும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: யார் போவது, யார் வாயைத் திறக்காமல் இருப்பது.

பெரும்பாலான குடும்பங்கள் மூன்றாவது மாதம் "இப்ப நல்லா இருக்கான்" என்று நிறுத்திவிடுகின்றன. நான் பார்த்தவரை திரும்ப விழுவது அதற்கு அப்புறம்தான், அதிலும் தேர்வு முடிந்த லீவில். ஒரு வருடம் வரை மாதத்துக்கு ஒரு முறையாவது போங்கள். அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி வாங்காமல் ஓ.பி.யை விட்டு வெளியே வராதீர்கள்.